முப்பது நாள் அறிவிப்பு யாருக்காக?

சாதி, மதம் கடந்து காதலிப்பவர்களிடம் "சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று சொல்கிறோம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, யாரைப் பாதுகாக்கிறது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1753இல் ஹார்ட்விக் சட்டம் வந்தது. அரசுத் திருச்சபையின் ஆலயத்தில், அதன் குரு நடத்தினால்தான் திருமணம் செல்லும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. கத்தோலிக்கரும் பாப்டிஸ்டுகளும் தாங்கள் ஏற்காத பீடத்தின் முன் போய் நிற்க வேண்டும். மறுத்தால் சட்டத்தின் கண்ணில் மனைவி மனைவியில்லை, பிள்ளை வாரிசில்லை.

இது உடைய 83 ஆண்டுகள் ஆயின. 1836இல் இயற்றிய சட்டம் 1837 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிற சபையார் தங்கள் வழிபாட்டு இடத்தைப் பதிவுசெய்து, அரசுப் பதிவாளர் முன்னிலையில் மணக்கலாம். சடங்கே வேண்டாம் என்பவர்கள் பதிவாளர் அலுவலகத்திலேயே மணக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை வைத்தார்கள். இவர்களின் திருமண அறிவிப்பு, ஏழைகளுக்கு நிவாரணம் வழங்கும் வாரியத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. திருச்சபைக்கு வெளியே மணந்தால் கஞ்சித்தொட்டிக் கணக்கோடு உன் பெயரும் வாசிக்கப்படும் என்பதுதான் செய்தி. அந்த அவமானத்தை 1856இல் நீக்கினார்கள்.

அதே 1836 சட்டம், திருமண அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்றது. நமது 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் 6ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அதே புத்தகம், அதே கட்டணமில்லா அனுமதி! கூடவே அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நகல் அங்கேயும் போகும். உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவர்களின் விவரத்தை அரசே ஊருக்கு அனுப்பி வைக்கிறது.

இங்கிலாந்தில் இன்றும் அறிவிப்பு உண்டே என்பார்கள். அங்கே அதைப் படித்துவிட்டு அரிவாளோடு கிளம்பும் சாதிச் சங்கம் கிடையாது. இங்கே 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுச்சாலையில் வெட்டினார்கள்.

ஏற்கெனவே மணமானவரா என்று கண்டறிய வேண்டாமா என்றும் கேட்பார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் இருதார மணம் குற்றம்தான். அங்கே ஏன் முன்னறிவிப்பு இல்லை? தமிழ்நாட்டில் 1967 திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. மாலை மாற்றினால் போதும், 30 நாள் காத்திருப்பு இல்லை. ஆனால் அது இருவரும் இந்துவாக இருந்தால் மட்டுமே. தலித் கிறித்தவப் பையனும் சாதி இந்துப் பெண்ணும் அவரவர் மதத்திலேயே இருந்து, எந்தச் சடங்கும் இல்லாமல் மணக்க நினைத்தால் பலகையில் தொங்க வேண்டும்.

இணையர் எழுதிக் கேட்டால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லை.

வயதுக்கும் முகவரிக்கும் ஆவணம் கேளுங்கள். மணமாகாதவர் என்று உறுதிமொழி வாங்குங்கள். பொய் உறுதிமொழிக்கு அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அறிவிப்பை ஒட்டுவதையும் யாரோ ஒருவர் ஆட்சேபிக்கும் உரிமையையும் நீக்குங்கள். அதுவரை "பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள், அந்த 30 நாளும் அவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதற்கும் சேர்த்தே பதில் வைத்திருக்க வேண்டும்.