தொலை மருத்துவத்தில் கணக்கில் வராத உழைப்பு

மத்திய அரசின் தொலை மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக நடந்த மருத்துவ ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து டாக்டரைப் பார்த்தவர்களுக்கு ஊரிலேயே ஆலோசனை கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அதை நடத்திக் கொடுப்பவர்களின் மூளை சுமக்கும் பளு இந்தக் கணக்கில் இல்லை.

துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளரைக் கவனியுங்கள். எதிரே வயிற்றுவலியோடு ஒரு பாட்டி. பெயர், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு என ஒவ்வொன்றாகத் திரையில் பதிய வேண்டும். டாக்டர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். “வலது பக்கம் அழுத்திப் பாருங்க சிஸ்டர்” என்று திரையில் டாக்டர் சொன்னால், அழுத்திக்கொண்டே பாட்டியின் முகத்தைப் பார்த்து, கண்டதைச் சொல்ல வேண்டும். அதற்குள் வீடியோ நின்றுவிடும். வாசலில் தடுப்பூசிக்கு வந்த குழந்தை வீறிடும்.

மறுமுனையில் இருக்கும் டாக்டரோ, இன்னொருவர் கையையும் கண்ணையும் நம்பி முடிவெடுக்கிறார். எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று தொலை மருத்துவத்துக்கான 2020 மார்ச் மாத வழிகாட்டு நெறிகள் பிரித்துள்ளன. யாரை நேரில் வரச் சொல்வது என்ற பொறுப்பும் அவருடையதே. களைத்த மூளை ஒரு கேள்வியைத் தவறவிட்டால் போதும், குடல்வால் அழற்சி வாயுத்தொல்லையாகிவிடும்.

இந்தப் பளுவை அளக்க வழி இருக்கிறது. சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லாண்டும் 1988-ல் வெளியிட்ட நாசா-டிஎல்எக்ஸ் கேள்வித்தாள், விமானத் துறையைத் தாண்டி மருத்துவமனைகளிலும் புழங்குகிறது. மூளைக்கு எவ்வளவு வேலை, உடலுக்கு எவ்வளவு, நேர நெருக்கடி, வேலை திருப்தியாக முடிந்ததா, அதற்குப் பட்ட பாடு, ஏற்பட்ட எரிச்சல் என்று ஆறே கேள்விகள். மொத்த மதிப்பெண்ணைவிட, இந்த ஆறும் தனித்தனியே சொல்வதுதான் நிர்வாகத்துக்கு உதவும். நேர நெருக்கடி எகிறினால் தினசரி இலக்கைத் தளர்த்த வேண்டும். எரிச்சல் எகிறினால் மென்பொருளையும் இணைய இணைப்பையும் சரிபார்க்க வேண்டும். மூளை வேலை மட்டும் ஏறினால், நேரில் பார்க்க வேண்டிய நோயாளிகளும் திரைமுன் உட்காரவைக்கப்படுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

பதிவேடு நிரப்பியே பொழுது போகிறது, இன்னொரு படிவமா என்று பணியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் மாவட்டத்துக்குச் சில நிலையங்களில், மாதம் ஒரு நாள், ஆலோசனை முடிந்த கையோடு, எளிய தமிழில் கேட்டால் போதும். பெயர் கேட்கக் கூடாது. பணி மதிப்பீட்டில் இது ஏறும் என்ற சந்தேகம் வந்தால், எல்லோரும் பளுவே இல்லை என்றுதான் எழுதுவார்கள். காத்திருந்த நேரத்தையும் பாதியில் அறுந்த அழைப்புகளையும் இந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆலோசனை இலக்கை மேலும் உயர்த்துவதற்கு முன் தமிழக சுகாதாரத் துறை இந்த அளவீட்டை இரு முனைகளிலும் நடத்த வேண்டும். மென்பொருளை உருவாக்கிய மொஹாலி சி-டாக் நிறுவனத்துக்கு அதன் முடிவுகளை அனுப்பி, என்னென்ன திருத்தம் தேவை என்று எழுத்தில் கேட்க வேண்டும்.