ஏழு பேர் இருந்தால் போதும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்களை வைத்து ஊர் டீம் நடத்துபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே கவலைதான். யாருக்கு எந்த ஷிஃப்ட்? ஆள் சேருமா? கபடி என்றால் 7 பேரை வைத்துச் சமாளிக்கலாம். 15 பேர் ஆடும் ரக்பி என்றால்?

இந்தத் திண்டாட்டம் புதிதல்ல. 1873-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி கிளப் தொடங்கினார்கள். கையில் பணம் இருந்தது. ஆள்தான் குறைந்துகொண்டே போனது. பலரும் போலோ, டென்னிஸ் பக்கம் போய்விட, 1878-ல் கிளப்பைக் கலைத்தார்கள். வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து, இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுவது அந்த 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான்!

1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சின்ன ஊர் கிளப்பில் காசே இல்லை. போட்டி நடத்தி நிதி திரட்டலாம் என்றார், கறிக்கடையில் வேலை பார்த்த நெட் ஹெய்க். ஒரே நாளில் பல ஆட்டம் நடத்த வேண்டுமே? அணிக்கு 7 பேர், ஆட்டத்துக்கு 15 நிமிடம் எனச் சுருக்கினார்கள். பக்கத்து ஊர் அணிகளும் வந்தன. அந்த 'செவன்ஸ்' ரக்பிதான் 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ் வரை போனது.

போட்டி நடத்துபவர்கள் அட்டவணை போடும் முன் சின்ன டீம்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே... 'இந்த ஞாயிறு உங்களில் எத்தனை பேருக்கு டியூட்டி?'