ஒரே கிணற்றில் இரண்டு நீர்மட்டமா?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்லும் பாலாற்றில் பெரும்பாலும் மணலையே காண்கிறோம்; நீர் நிலத்தடியில் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகள் அந்நீரைக் கெடுத்தன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் மாசு எந்தக் கிணறுவரை பரவும்? அதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையில் மாசு பரவுவதைப் பற்றிய கணிப்பொறி ஆய்வை 1999-இல் வெளியிட்டார்.

இத்தகைய கணக்குகளுக்கு உதவும் வழிகளுள் ஒன்று ‘ஃபைனைட் எலிமெண்ட்’ முறை. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் மூலைகளில், அதாவது கணுக்களில், நீர்மட்டத்தைக் கணக்கிடுவார்கள். எங்கும் சிறு கட்டங்களானால் வேலை பெருகும். ஆகவே கழிவு சேருமிடத்திலும் வளைந்த எல்லையிலும் மட்டும் கட்டங்களைச் சிறிதாக்குவர்.

கட்டங்கள் மிகுந்தால் விடை தானே சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு என்பதே என் கருத்து.

ஒரு பெரிய கட்டத்தின் பக்கத்தை ஒட்டி இரண்டு சிறு கட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் பொதுமூலை, பெரிய கட்டத்தின் பக்கத்துக்கு நடுவே விழும். பெரிய கட்டத்துக்கு அங்கே மூலையே இல்லை. இதற்குத் ‘தொங்கு கணு’ என்று பெயர். பக்கத்தின் முனைகளில் நீர்மட்டம் 20, 24 மீட்டர் எனில், அது சீராக மாறுவதாகக் கொள்ளும் பெரிய கட்டம் நடுவில் 22 என்று சொல்லும். சிறு கட்டங்கள் 23 என்று சொல்லக்கூடும். ஒரே கிணற்றில் இரண்டு நீர்மட்டமா? ஆகவே தொங்கு கணு, முனைகளின் சராசரியான 22-ஐயே ஏற்க வேண்டும்.

எல்லைக் கணுவின் நிலை வேறு. 100 மீட்டர் ஆரமுள்ள வட்ட ஏரியின் பரப்பு சுமார் 31,416 சதுர மீட்டர். அதனுள் வரையும் ஒழுங்கு அறுகோணத்தின் பரப்பு 25,981. பக்கங்களின் நடுப்புள்ளிகளைக் கரைக்குத் தள்ளிப் பன்னிருகோணம் ஆக்கினால் 30,000. தள்ளாமல் விட்டால், உள்ளே ஆயிரம் கட்டங்கள் போட்டாலும் அதே 25,981தான்! எல்லைக் கணு வளைவுக்கு நகர வேண்டும். உள்ளே தொங்கும் கணுவோ நகரக் கூடாது. நகர்ந்தால் கட்டங்களிடையே விரிசல் விழும்.

மாணவர்களே, கணிப்பொறி தரும் வண்ணப்படத்தைக் கண்டு மயங்காதீர்கள். கட்டங்கள் சேருமிடம் பொருந்துகிறதா, எல்லை உண்மையான வளைவைத் தொடுகிறதா என்று கேளுங்கள். அப்படத்தை நம்பி ஓர் ஊர் தன் குடிநீர்க் கிணற்றுக்கு இடம் தேடக்கூடும்.