நாயோடு வாடகை வீடு தேடும்போது

சகோதரிகளே, லயத்தில் நாய் வளர்க்க நாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இஸ்தோப்பில் அது பாட்டுக்குப் படுத்திருக்கும். கொழும்பு அப்படியல்ல.

1977 கலவரத்தின் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பத்துப் பெண் ஒருவர், 2009 இல் கணவரை இழந்து, பிள்ளைகளுடன் ஹற்றனுக்குத் திரும்பினார். இப்போது கொழும்பில் வேலை கிடைத்து வீடு தேடுகிறார். “நாய விட்டுட்டுப் போனா ராவுல எங்களுக்கு யாரு காவல்?” என்கிறார். நியாயமான கேள்விதான்.

மாடி வீடுகளில் பெரும்பாலும் நாய்க்கு இடமில்லை. வெள்ளவத்தையைவிட வாடகை குறைந்த வத்தளைப் பக்கம், தனிவாசலுள்ள கீழ்வீடாகப் பார்க்கச் சொன்னேன். மறைத்துக் குடிபோக வேண்டாம். முற்பணம் கொடுக்குமுன்பே சொல்லி, சம்மதத்தை உடன்படிக்கையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. வீடு பார்க்கப் போகும்போது அந்த அட்டையையும் கொண்டுபோங்கள்.