சட்டியில் சுழலும் வானம்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பர். அம்பத்தூர் பட்டறைகளின் தகரக் கூரையைத் தடதடக்க வைக்கும் அந்தக் காற்றை நாமறிவோம். அதற்கும் மேலே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரையும் விஞ்சி, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறதே ஒரு காற்றாறு, அதை அறிவோமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை, பருவமழையோடு பின்னிப் பிணைந்து, தென்னாட்டு வானில் ஓடுகிறது அது. அதை ஆராய்ந்து 1958-இல் உலகறியச் செய்தவர் சீமைத்துரை அல்லர். இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம்!

காற்று ஏன் ஆறாகத் திரண்டு ஓடுகிறது? வானத்தை நிறுத்திவைத்துச் சோதிக்க முடியுமா? முடியாது. ஆகவே வானத்தையே சட்டிக்குள் இறக்கினர் விஞ்ஞானிகள். 1950-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்ஸ் செய்த சோதனையைக் கேளுங்கள். சுழலும் மேசைமீது வட்டச் சட்டி, அதில் தண்ணீர், விளிம்பிலே சூடு, நடுவிலே குளிர். விளிம்புதான் பூமத்திய ரேகை, நடுதான் துருவம். ஓட்டம் தெரிய அலுமினியத் தூள். மெல்லச் சுழன்றபோது நீர் அமைதியாக வட்டமிட்டது. வேகம் கூடியதும் வளைந்து நெளிந்து ஓடிற்று ஓர் ஆறு! ஐரோப்பிய, அமெரிக்க வானிலே ஓடும் மேலைக் காற்றாற்றின் அதே கோலம்!

பின்னர் பிரான்சின் கிரெனோபிள் நகரில், 13 மீட்டர் அகலத் தொட்டியைச் சுழற்றி, மேலிருந்து உப்புநீர் தெளித்தனர். வியாழன் கோளின் பட்டைகளைப் போன்ற ஓட்டங்கள் தோன்றின. 2004-இல் முடிவு வெளியாயிற்று. சட்டிக்கும் பூமிக்கும் வியாழனுக்கும் விதி ஒன்றே!

வயிற்றுப் பாட்டுக்கு இது உதவுமா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது, இயந்திரங்கள் மூழ்கின, தொழிலாளியின் கூலி போயிற்று. புயலை நடத்திச் செல்வது அதைச் சூழ்ந்த பெருங்காற்று. அது எங்கே தயங்கும், எத்தனை நேரம் கொட்டும் என்பதைத் திட்டமாக முன்னறிந்தால், மோட்டாரை மேடேற்றலாம், குடும்பத்தைக் கரையேற்றலாம். காற்றின் விதியறிவது ஏழையின் சோற்றுக்குக் காவல்!

ஆகவே நாம் கேட்கிறோம்: ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி அரசுப் பள்ளிகளில் இந்தச் சுழல் மேசை ஏன் இருக்கக்கூடாது? வேண்டியவை ஒரு மோட்டார், ஒரு பேரிங், ஒரு சட்டி. கொஞ்சம் பனிக்கட்டி, கொஞ்சம் வெந்நீர். லேத் பட்டறைத் தோழனுக்கு இது பெரிய வேலையா? அரசு ஆணையிடட்டும், பணம் ஒதுக்கட்டும். நம் கை செய்த மேசையிலே நம் பிள்ளைகள் வானத்தைச் சுழற்றிப் பார்க்கட்டும்!