கிறிஸ்மஸ் வெள்ளையும் குளியலறைக் கூரையும்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் நம் பங்குக் குடும்பங்களில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். முன்கூடம் முடிந்து, சமையலறை முடிந்து, மிஞ்சிய வண்ணத்தைக் கொண்டு குளியலறையின் உட்கூரைக்கு ஒரு பூச்சுக் கொடுத்து வேலையை நிறைவு செய்வது வழக்கம். தவக்காலம் பிறப்பதற்குள் அதே கூரையில் கரும்புள்ளிகள் படர்கின்றன. பூச்சு அப்பளம்போல் பொரிந்து ஷவரின் கீழ் நிற்பவர் தலையில் உதிர்கிறது. பழி பெயிண்டர்மேல் விழும். அன்றேல் வண்ணத்தின் தரத்தின்மேல். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டிலும் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

திமிரிப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அம்மழையைக் குடித்த காங்கிரீட் தளம் விழாவுக்கு முந்திய வாரங்களில்தான் மிகுந்த ஈரத்துடன் இருக்கும். அதன் அடியில் எண்ணெய் வண்ணம் பூசினால் வெளியேற வேண்டிய ஈரம் அடைபட்டு, பூச்சைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. மேலும், புதிய சிமெண்டுப் பூச்சிலுள்ள காரம் வண்ணத்தின் எண்ணெயோடு கூடி அதைச் சோப்பாகவே மாற்றிவிடும். வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

குளியலறைக் கூரைக்கு ஈரம் வருவது இரு வழியில். மொட்டைமாடியின் தட்டோட்டு இடுக்கிலோ, மேலே வைத்த தண்ணீர்த் தொட்டியின் இணைப்பிலோ நீர் கசிந்து மேலிருந்து இறங்கலாம். கீழிருந்தும் ஏறலாம். தோல் ஷாப்பு வேலை முடித்து இல்லம் திரும்புவோர் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது இயல்பே. அந்த ஆவி குளிர்ந்த கூரையில் பட்டு நீராய்த் தங்குகிறது. பூஞ்சணம் வளர அதுவே போதும். இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கூரையில் ஓர் இடத்தைச் சுரண்டித் துடைத்து, ஒரு முழ அளவுள்ள பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் காற்றுப் புகாதபடி ஒட்டி வையுங்கள். இரண்டொரு நாள் கழித்துத் தாளின் உட்புறம், தளத்தை ஒட்டிய பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் தளத்துக்குள் இருக்கிறது. அறையை நோக்கிய பக்கத்தில் மட்டும் துளி நின்றால் அது குளியல் ஆவி. முன்னதற்கு மாடியில்தான் மருந்து. கீழே எத்தனை பூச்சுப் பூசினாலும் வீண்செலவு.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் பச்சை, சிவப்புக் கறைகளைப் பற்றிய சட்டம் ஒன்று உள்ளது. திருப்பலி வாசகமாக அதைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு அரிது. வீட்டுக்குரியவர் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் வருமுன்பே தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அவையும் தீட்டெனத் தீர்ப்பாகி ஏழைக்கு இழப்பு நேராதிருக்கவே இந்த ஏற்பாடு என்பது நம் எண்ணம். குரு பார்த்தவுடன் முடிவு சொல்வதில்லை. ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்து மறுபடி வந்து பார்க்கிறார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, உட்சுவர் முழுவதையும் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசச் செய்கிறார். கறையின்மேல் பூசி மறைக்க அச்சட்டத்தில் இடமே இல்லை.

நம் காலத்து வீட்டில் அவ்வாறு மறைப்பது உயிருக்கே ஊறு செய்யும். தளத்துக்குள் இருக்கும் கம்பி துருவாகும்போது பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகி, தன்னை மூடிய காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. உடைந்த காரை விழுவது குளித்துக்கொண்டிருக்கும் முதிய தாயின் தலையிலாக இருக்கலாம். ஆகவே முதலில் சுத்தியல் பிடியால் கூரை முழுவதையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற ஒலி எழும் இடமெல்லாம் பெயர்க்க வேண்டிய இடம். கம்பி வெளியே தெரிந்தால் பெயிண்டரை அனுப்பிவிட்டு, விவரமறிந்த கொத்தனாரையோ பொறியாளரையோ அழையுங்கள். அங்கே உவர்நீரில் குழைத்த சாந்து கூடாது. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை இம்மாவட்டத்தார் அறிவர். கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது என இந்தியத் தரநிலை கூறுகிறது.

பழைய எண்ணெய் வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேய்ப்பதே முறை.

புதிய சாந்து மூன்று நான்கு வாரம் உலர்ந்த பின், வெள்ளைச் சிமெண்டுப் பட்டி பார்த்து, பூஞ்சண எதிர்ப்புள்ள எமல்ஷன் இரு முறை பூசலாம். பாரிஸ் சாந்து நீரில் இளகும், குளியலறைக்கு ஆகாது. கைப்பணம் குறைந்தவர்க்குச் சுண்ணாம்பே போதும் என்போம். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வேர்கொள்ளாது, ஈரமும் அடைபடாது. ஆனால் எண்ணெய் வண்ணத்தின்மேல் அது பிடிக்காது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

எதைப் பூசினாலும், பல்லிக்கும் கொசுவுக்கும் அஞ்சி அட்டை வைத்து அடைத்த காற்றுப்போக்கியைத் திறந்து வலையடியுங்கள். வேலையைப் பாஸ்காவுக்குப் பிந்திய வறண்ட வாரங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விழாவுக்கு முன்கூடம் மட்டும் வெளுத்தால் பாலகன் இயேசு மனம் நோகமாட்டார். அந்நாளில் அறையின் மின் இணைப்பைத் துண்டித்து, வழுக்கும் தரையில் ஸ்டூலுக்குப் பதில் உறுதியான சாரம் இடுங்கள். அண்ணாந்து சுண்ணாம்படிக்கும் தொழிலாளிக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் தாமதமின்றி நிறைய நல்ல நீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.