முப்பது நொடியில் ஒரு தாய் குற்றவாளி

விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பின் தலைவர் அவர்களுக்கு,

வளரும் பிள்ளைகளுக்கான ஊட்டச்சத்து பானம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரம் குறித்துத் தங்களுக்குப் பலமுறை எழுதிவிட்டேன். பொருளைப் பற்றிய தவறான தகவல் எதுவும் அதில் இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. தனியாக எழுதிப் பயனில்லை என்பதால் இப்போது எல்லோரும் படிக்க எழுதுகிறேன். விதிகள் தங்களுக்குத் தெரியும். அந்த விளம்பரத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

பள்ளி மைதானம். உயர வரிசையில் பையன்கள். முதலில் நிற்பவன் எல்லோரையும்விடக் குட்டை. அவன் அம்மாவிடம் பக்கத்து இருக்கைப் பெண் கேட்கிறாள்: "உங்க பையனா?" கேமரா அந்தப் பையனிடம் போகவில்லை. அவன் அம்மாவின் முகத்தில் நிற்கிறது, அவள் தலை குனியும்வரை. இரவு, வீடே தூங்க, அவள் மட்டும் சமையலறையில் விழித்திருக்கிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் அவளிடம் கேட்கிறார்: "நீங்க சரியாத்தான் கவனிக்கிறீங்களா?" அவள் டப்பாவைத் திறந்து கலக்கிக் கொடுக்கிறாள். பையன் எகிறிக் குதித்துப் பந்தை வளையத்தில் போடுகிறான். அதுவரை கண்ணிலேயே படாத அப்பா அப்போது வந்து தோளில் தட்டிச் சொல்கிறார்: "என் பையன்!"

குட்டையாக இருந்தவரை அவன் அவளுடைய பிள்ளை. ஜெயித்ததும் அவருடைய பிள்ளை.

பானம் குடித்தால் உயரம் கூடும் என்பதற்குத் தாங்கள் ஆதாரம் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த விளம்பரம் சொல்லும் மிகப் பெரிய செய்தி பானத்தைப் பற்றியதே அல்ல. பிள்ளை வளராததற்குத் தாயின் கவனக்குறைவே காரணம் என்பதுதான் அது. இதற்கு யாரிடம் ஆதாரம் கேட்டீர்கள்? பிள்ளையின் உயரத்தைப் பெற்றோரின் உடல்வாகு தீர்மானிக்கிறது. அன்றாட உணவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குடிக்கும் தண்ணீரின் சுத்தம் எல்லாம் அதில் சேரும். இவற்றில் எது அந்த ஒருத்தியின் கையில் மட்டும் இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு பெண் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவளும் குட்டை, புருஷனும் குட்டை, மகனும் அப்படித்தான். சம்பளம் வந்ததும் முதலில் அந்த டப்பாவை வாங்குகிறாள். அந்த மாதம் வீட்டில் முட்டை குறைகிறது. பின்பக்கப் பொருள் பட்டியலில் சர்க்கரை முன்வரிசையில் இருப்பதைக் காட்டினேன். "நாந்தானுங்க்கா சரியாக் கவனிக்காம உட்டுட்டேன்" என்றாள். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மாமியார் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். டிவியோடு அவள் எப்படிச் சண்டை போடுவாள்?

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலை செய்பவர்கள் செலவிடுவது 88 நிமிடம். இவ்வளவு உழைப்பவளைப் பார்த்துத்தான் "சரியாகக் கவனிக்கிறாயா" என்று கேட்கவைக்கிறார்கள், அதுவும் நாளுக்குப் பலமுறை. அவளுடைய பயத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள். டப்பா அதைச் சுற்றிய காகிதம்.

இதைத் தடுக்க முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கைக்குழந்தைகளுக்கான பால்மாவு விளம்பரத்தை 1992லேயே இந்த நாடு சட்டம் போட்டு நிறுத்தியது. பச்சைக் குழந்தையை வைத்திருப்பவளின் பதற்றத்தைக் கம்பெனிகளிடம் விட்டுவைக்கக் கூடாது என்ற தெளிவு அன்றைக்கு இருந்தது. அந்தக் காவல் பிள்ளையின் இரண்டு வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த நாளே அவளை இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. பிரிவு மாறியது. தலைகுனிந்த அந்தத் தாயின் முகத்தை மட்டும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தாங்களும் சொல்லவில்லை.

தங்களையும் ஒரு தாய்தான் வளர்த்திருப்பார். தங்கள் காய்ச்சலுக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் ஊர் அவரைத்தான் கேட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு விளம்பரத்தில் தவறே இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போட முடிந்தது?

ஜூனில் பள்ளி திறக்கும்போது அது மறுபடி வரும். அதற்குமுன் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: பிள்ளையின் உயரத்துக்குத் தாய்தான் பொறுப்பு என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்? ஆதாரம் வரும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்